ஒரு டேக், ஐந்து ஃபார்மட்: வெக்டர் வரைகலை நூலகம் எழுதத் தொடங்குவோருக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு டேக் (துணியில் நூலால் கோர்த்துத் தொங்கவிடும் அட்டை) அடித்துத் தருகிற இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் போதும், ஒரே படம் எத்தனை கை மாறுகிறது என்று தெரிந்துவிடும். பையருக்கு, அதாவது துணி வாங்குபவருக்கு, வாட்ஸ்அப்பில் காட்ட பிஎன்ஜி வேண்டும். கம்பெனியின் இணையதளத்துக்கு எஸ்விஜி. அச்சகத்துக்குப் பிடிஎஃப். கோவையில் லேசரில் வெட்டிக் கொடுப்பவருக்கு டிஎக்ஸ்எஃப் இருந்தால்தான் வேலை நடக்கும். பேட்டர்ன் வரையும் பிளாட்டருக்கு எச்பிஜிஎல். படம் ஒன்றுதான், கேட்கிற வாய் ஐந்து.

ஒரு டேக் என்றால் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் கையால் வரைந்து ஐந்து விதமாகச் சேமித்துவிடலாம். அளவும் நிறமும் பெயரும் மாறி மாறி முந்நூறு டேக் வரும்போது நிரல் எழுதித்தான் ஆக வேண்டும். அப்படி எழுதும் சின்ன வரைகலை நூலகத்தில் பல ஃபார்மட்டுகளை எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பைதான் ஓரளவு தெரிந்திருந்தால் போதும். மொழி வேறாக இருந்தாலும் வழி இதுதான்.

ஏற்கெனவே கெய்ரோ என்ற நூலகம் இருக்கிறதே என்று கேட்கலாம். கீத் பேக்கார்டும் கார்ல் வொர்த்தும் தொடங்கிய அந்த நூலகம் எஸ்விஜி, பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட் (அச்சுப்பொறிக்குப் பக்கத்தை விவரிக்கும் மொழி), பிஎன்ஜி எல்லாவற்றையும் ஒரே வரைகட்டளையிலிருந்து தருகிறது. அந்த நான்கும் போதுமென்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிஎக்ஸ்எஃப், எச்பிஜிஎல் இரண்டும் அதில் இல்லை. நம் ஊரின் வெட்டும் வேலைக்கும் பேட்டர்ன் வேலைக்கும் வேண்டியவை அந்த இரண்டும்தான்.

தாளும் ஸ்கேலும்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் டேக்கை வரைந்து அளவு குறியுங்கள். கட்டுரை முழுக்க நாம் வைத்துக்கொள்ளப் போகும் டேக் இது: அகலம் 50 மிமீ, உயரம் 90 மிமீ. நான்கு மூலையும் 5 மிமீ ஆரத்தில் வளைந்திருக்கும். நூல் கோர்க்க மேலே ஒரு துளை, விட்டம் 4 மிமீ, மையம் இடது ஓரத்திலிருந்து 25 மிமீ, மேலிருந்து 8 மிமீ. நடுவில் ஓர் அலைக்கோடு. அதற்குக் கீழே "கொங்கு" என்ற சொல்.

நூலகத்துக்குள் எல்லா அளவும் மில்லிமீட்டரில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிக்சலில் தொடங்கினால் பின்னால் அழ நேரும். எஸ்விஜி, சிஎஸ்எஸ் உலகத்தில் ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல். பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட் உலகத்தில் ஒரு அங்குலத்துக்கு 72 பாயிண்ட். நான் முதலில் எழுதிய நூலகம் உள்ளே பிக்சலை வைத்திருந்தது. 50 மிமீ என்பது 188.98 பிக்சல் ஆனது. அதே எண்ணைப் பிடிஎஃப்புக்கு அப்படியே எழுதினேன், பிடிஎஃப் அதைப் பாயிண்ட் என்று எடுத்துக்கொண்டது. டேக் 66.7 மிமீ அகலத்தில் வந்து நின்றது. அச்சகத்து அண்ணன் போன் செய்தார்: "தம்பி, டேக்கு சட்டைப் பாக்கெட்டு அகலத்துக்கு வந்திருக்குதுங்க. இப்படியேதான் ஓட்டோணுங்களா?" அவர் கேட்டதால் பிழைத்தோம். கேட்காமல் ஐயாயிரம் ஓட்டியிருந்தால் அட்டைக் காசு அத்தனையும் போயிருக்கும்.

மில்லிமீட்டரில் வைத்துவிட்டால், அதை வேறு அலகாக மாற்றும் வேலை ஒவ்வொரு ஃபார்மட்டின் வாசலிலும் ஒரே ஒரு முறை நடக்கும். எஸ்விஜியில் மாற்றவே வேண்டாம். அகலம் 50 மிமீ, உயரம் 90 மிமீ என்று அலகோடு எழுதிவிட்டு, வியூபாக்ஸில் (படத்துக்குள் எண்கள் எந்த எல்லைக்குள் என்று சொல்லும் பண்பு) 0 0 50 90 என்று கொடுத்தால், உள்ளே எழுதுகிற எண்கள் எல்லாம் மில்லிமீட்டர் ஆகிவிடும். பிடிஎஃப்பில் பெருக்கும் எண் 72 ÷ 25.4, அதாவது 2.834646. எச்பிஜிஎல்லில் ஒரு அலகு 0.025 மிமீ, ஆக 40-ஆல் பெருக்கி முழு எண்ணாக்க வேண்டும். நம் டேக் அங்கே 2000-க்கு 3600.

அடுத்தது திசை. எஸ்விஜியில் ஆதிப்புள்ளி இடது மேல் மூலை, ஒய் கீழ்நோக்கி வளரும். பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட், டிஎக்ஸ்எஃப் மூன்றிலும் ஒய் மேல்நோக்கி வளரும். நீங்கள் எதை வேண்டுமானாலும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் எஸ்விஜியைப் போல மேலிருந்து கீழே என்று வைத்திருக்கிறேன். அச்சில் படிக்கிற கண்ணுக்கு அதுதான் பழக்கம்.

நடுவில் ஒரு பதிவேடு

புதிதாக எழுதுகிறவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. "வட்டம் வரை" என்ற சார்புக்குள்ளேயே "எஸ்விஜி என்றால் இப்படி, பிடிஎஃப் என்றால் அப்படி" என்று கிளைகளைப் போட்டு எழுதுவார்கள். இரண்டு ஃபார்மட் வரை அது தாங்கும். மூன்றாவது வந்தால் ஒவ்வொரு சார்பையும் திறந்து திருத்த வேண்டும், நான்காவதில் எங்கே எதைத் திருத்தினோம் என்பதே மறந்துவிடும்.

அதற்குப் பதில், வரைகிற கட்டளை எதையும் உடனே கோப்பில் எழுதாதீர்கள். ஒரு பதிவேட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். படம் முடிந்த பிறகு அந்தப் பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்து ஒவ்வொரு ஃபார்மட்டாக எழுதுங்கள். படிப்பவர் ஒவ்வொருவரையும் பேக்எண்ட் என்போம். பதிவேட்டுக்கு பேக்எண்ட் பற்றி எதுவும் தெரியக் கூடாது. ஒரு பேக்எண்டுக்கு இன்னொன்று இருப்பதே தெரியக் கூடாது.

பதிவேட்டில் என்னென்ன இருக்கலாம்? பாதைகள் மட்டும். ஒரு பாதையை ஆக்கும் அசைவுகள் ஐந்து போதும்: நகர், கோடு, வளைவு, வில், மூடு. பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் என் நூலகத்தில் சார்புகளுக்கே இந்தப் பெயர்களைத்தான் வைத்திருக்கிறேன். வளைவு என்பது இரண்டு கட்டுப்புள்ளிகள் கொண்ட பெசியே வளைவு; கட்டுப்புள்ளி என்றால் கோட்டைத் தன் பக்கம் இழுத்து வளைக்கும் புள்ளி. வில் என்பது மையம், ஆரம், தொடக்கக் கோணம், முடிவுக் கோணம்.

ஒற்றைக் கட்டுப்புள்ளி உள்ள பெசியே வளைவை எஸ்விஜி ஏற்கும், பிடிஎஃப் ஏற்காது. அதைப் பதிவேட்டின் வாசலிலேயே இரண்டு கட்டுப்புள்ளி வளைவாக மாற்றிவிடலாம். தொடக்கப் புள்ளியிலிருந்து கட்டுப்புள்ளியை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒன்று, முடிவுப் புள்ளியிலிருந்து அதே போல இன்னொன்று. இந்த மாற்றத்தில் துளிகூட நட்டமில்லை, கோடு அதே கோடுதான்.

வில்லை மட்டும் அப்படி மாற்றிவிடாதீர்கள். இங்கேதான் நான் ஒரு மாதம் வீணாக்கினேன். பிடிஎஃப்பில் வட்டம் என்று ஒன்று கிடையாது. அங்கே நான்கு பெசியே வளைவுகளைச் சேர்த்துத்தான் வட்டம் வரைய வேண்டும், கட்டுப்புள்ளியின் தூரம் ஆரத்தைப் போல 0.5523 மடங்கு. பிழை ஆரத்தில் சுமார் 0.027 சதவீதம். 2 மிமீ ஆரமுள்ள நம் துளைக்கு அது 0.0005 மிமீ சொச்சம், யார் கண்ணுக்கும் தெரியாது. எல்லா ஃபார்மட்டும் பெசியேவை ஏற்குமே என்று பதிவேட்டிலேயே வட்டங்களை வளைவாக மாற்றி வைத்தேன். பிறகு டிஎக்ஸ்எஃப் வந்தது. வெட்டுகிறவருக்கு வேண்டியது உண்மையான வட்டம்: மையம், ஆரம் என்று இரண்டே விவரம். என் பதிவேட்டிலோ அந்த விவரம் செத்துப்போயிருந்தது. வளைவுகளிலிருந்து வட்டத்தைக் கண்டுபிடிக்க நிரல் எழுதி, அது பாதி நேரம் தவறி, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வில்லைப் பதிவேட்டில் சேர்த்தேன். தெரிந்த விவரத்தை முடிந்தவரை கடைசிவரை காப்பாற்றுங்கள். குறைக்கிற வேலையை, குறைத்தால்தான் எழுத முடியும் என்கிற பேக்எண்டின் வாசலில் செய்யுங்கள்.

அந்தக் குறைக்கும் வேலைக்குப் பொதுவாக இரண்டு சார்புகள் எழுதி வைத்துக்கொண்டால் எல்லா பேக்எண்டுக்கும் ஆகும். ஒன்று வில்லை வளைவாக்குவது. வில்லை 90 பாகைக்கு மிகாத துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கட்டுப்புள்ளித் தூரத்தை ஆரம் × 4/3 × டான்(கோணம்/4) என்று போடுங்கள். மற்றது வளைவைச் சிறு நேர்கோடுகளாக உடைப்பது. கட்டுப்புள்ளிகள் நாணிலிருந்து விலகியிருக்கும் தூரம், நாம் பொறுக்கும் அளவுக்குள் வரும்வரை வளைவைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். 0.05 மிமீ விலகல் பொறுக்கலாம் என்றால் நம் டேக்கின் 5 மிமீ மூலைக்கு எட்டு கோடு போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: பெரிதாக்குவது, சுழற்றுவது எல்லாம் முடிந்து, இறுதி அளவு வந்த பிறகுதான் உடைக்க வேண்டும். முதலிலேயே உடைத்துவிட்டுப் பத்து மடங்கு பெரிதாக்கினால் மூலை பல்லுப் பல்லாகத் தெரியும்.

ஒவ்வொரு பாதையோடும் அதன் பாணியையும் முழுமையாக எழுதுங்கள்: நிரப்பு நிறம், கோட்டு நிறம், கோட்டுத் தடிமன், முனை, இணைப்பு, மைட்டர் வரம்பு (இணைப்பின் கூர் எவ்வளவு நீளலாம் என்பது), நிரப்பு விதி (ஒன்றுக்குள் ஒன்றான கோடுகளில் எந்தப் பகுதி நிரம்பும் என்பது). "சொல்லாவிட்டால் இயல்பாக என்ன வருமோ அதுவே வரட்டும்" என்று எதையும் விடாதீர்கள். இயல்பு ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் வேறு. எஸ்விஜியில் ஒன்றும் சொல்லாவிட்டால் பாதை கறுப்பாக நிரம்பிவிடும். மைட்டர் வரம்பு எஸ்விஜியில் 4, பிடிஎஃப்பில் 10. 20 பாகைக் கூர்மையுள்ள நட்சத்திர முனை பிடிஎஃப்பில் கூராக நிற்கும், எஸ்விஜியில் மழுங்கிப்போகும். காரணம் தெரியாமல் நாள்கணக்கில் தேடுவீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு பாதைக்கும் அது எதற்கு என்றும் ஒரு குறிப்பு வையுங்கள்: அச்சு, வெட்டு, மடிப்பு. இதன் பயன் டிஎக்ஸ்எஃப் வரும்போது தெரியும்.

எஸ்விஜியும் பிடிஎஃப்பும்

முதலில் எஸ்விஜி எழுதுங்கள். உரைக்கோப்பு என்பதால் திறந்து படித்தே பிழை கண்டுபிடிக்கலாம், உலாவியில் உடனே பார்க்கலாம். 2001-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி தரமாக அறிவித்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை. பாதையின் ஐந்து அசைவுக்கும் அதில் நேரடி எழுத்து உண்டு. முழு வட்டம் மட்டும் கவனம்: தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளியாக இருந்தால் அந்த வில்லை எஸ்விஜி வரையாமல் விட்டுவிடும். இரண்டு அரைவட்டமாகப் பிரித்து எழுதுங்கள், அல்லது வட்டத்துக்கென உள்ள தனி உறுப்பைப் பயன்படுத்துங்கள். எண்களுக்கு மூன்று தசம இடம் தாராளம். மில்லிமீட்டரில் மூன்றாவது இடம் என்றால் மைக்ரான்.

பிடிஎஃப்பை ஒரு முறையாவது கையால் எழுதிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். 1993-இல் அடோபி வெளியிட்டது, 2008-இல் ஐஎஸ்ஓ 32000 என்ற எண்ணில் பொதுத் தரமானது. வெளியிலிருந்து பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் ஒரு பக்கத்துக்கு வேண்டியது நான்கு பொருள்கள்தான்: பட்டியல், பக்கங்களின் தொகுதி, பக்கம், பக்கத்தின் உள்ளடக்கம். அவற்றுக்குப் பின்னால் ஒவ்வொரு பொருளும் கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணை. அந்த அட்டவணையில் ஒவ்வொரு வரியும் வரிமுடிவைச் சேர்த்துச் சரியாக 20 பைட்.

தவறு வருவது இந்த அட்டவணையில்தான். எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுங்கள், கோப்பைப் பைனரியாகத் திறந்து எழுதுங்கள். விண்டோஸில் உரைக்கோப்பாகத் திறந்தால் ஒவ்வொரு வரிமுடிவுக்கும் ஒரு பைட் கூடி அட்டவணை முழுக்கத் தப்பாகிவிடும். உலாவி அதைத் தானே சரிசெய்து திறந்துவிடும், நீங்களும் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவீர்கள். அச்சகத்து மென்பொருளும் அப்படிப் பொறுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. கியூபிடிஎஃப் என்ற இலவசக் கருவியில் சரிபார்க்கும் கட்டளை உண்டு. ஒவ்வொரு முறையும் அதில் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு குழி எண் எழுதும் முறை. பைதான் 0.00001 என்பதை அடுக்குக்குறி போட்டுச் சுருக்கி எழுதும். எஸ்விஜி அதை ஏற்கும், பிடிஎஃப் ஏற்காது. பெரும்பாலான டேக் சரியாக வந்து, எப்போதோ ஒன்று மட்டும் உடைந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எல்லா பேக்எண்டுக்கும் பொதுவாக ஒரே ஓர் எண்-எழுதும் சார்பு வைத்து, நிலையான தசம இடங்களோடு எழுதுங்கள்.

அளவையும் திசையையும் பிடிஎஃப்பில் ஒரே வரியில் முடித்துவிடலாம். உள்ளடக்கத்தின் தொடக்கத்திலேயே உருமாற்றக் கட்டளைக்கு 2.834646, 0, 0, −2.834646, 0, 255.118 என்ற ஆறு எண்களைக் கொடுங்கள். 255.118 என்பது 90 மிமீ உயரத்தைப் பாயிண்டில் சொன்னது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக, மில்லிமீட்டரில், எஸ்விஜியில் எழுதிய அதே எண்களோடு எழுதலாம். கோட்டுத் தடிமனும் மில்லிமீட்டர்தான்.

இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் பேக்எண்டுகளுக்குப் பொதுவான இடைமுகம் எப்படி இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசியுங்கள். ஒன்றையும் எழுதாமல் முதல் நாளே வகைகளும் அடுக்குகளுமாகத் திட்டம் போட்டால், அது நாம் கற்பனை செய்த ஃபார்மட்டுக்குத்தான் பொருந்தும். இரண்டை எழுதிவிட்டுப் பார்த்தால் பொதுவானது தானாகத் தெரியும். என்னிடம் மிஞ்சியது மூன்றே சார்பு: தொடங்கு, பாதை, முடி. தொடங்கும்போது அகலமும் உயரமும் போகும், பாதையோடு பாணி போகும், முடிக்கும்போது பைட்டுகள் திரும்பி வரும். கோப்பின் பெயர் பேக்எண்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெயரின் பின்னொட்டைப் பார்த்து எந்த பேக்எண்ட் என்று தேர்ந்தெடுக்கிற வேலை வெளியே ஓர் அகராதியில் இருக்கட்டும்.

முடியாததை முடியாது என்று சொல்லுங்கள்

ஐந்து ஃபார்மட்டும் எல்லாவற்றையும் செய்யாது. அரைத்தெளிவு நிறம் (பின்னால் உள்ளதும் ஓரளவு தெரியும் நிறம்) எஸ்விஜியில் உண்டு, பிடிஎஃப்பில் 1.4 பதிப்பிலிருந்து உண்டு. அச்சகம் சில இடங்களில் இன்னும் கேட்கிற இபிஎஸ் போஸ்ட்ஸ்கிரிப்ட் வழி வந்தது, அதில் கிடையாது. நாம் எழுதப்போகும் பழைய பதிப்பு டிஎக்ஸ்எஃப்பில் அந்தப் பேச்சே இல்லை. நிறம் படிப்படியாக மாறும் நிரப்பும் அந்த டிஎக்ஸ்எஃப்பில் இல்லை. பவானி ஜமுக்காளம்போல பட்டைப் பட்டையாகத் திரும்பத் திரும்ப வரும் கோலத்துக்கு எஸ்விஜி, பிடிஎஃப் இரண்டிலும் தனி வசதி உண்டு. இருந்தாலும் ஒவ்வொரு பட்டையையும் தனிப் பாதையாக விரித்து எழுதிவிடுவது எனக்குப் பிடிக்கும். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும்.

முடியாத ஒன்று வரும்போது பேக்எண்டுக்கு மூன்று வழி உண்டு. வேறு விதத்தில் அதே தோற்றத்தைக் கொண்டுவரலாம், ஏறக்குறைய அதுபோல ஒன்றைப் போடலாம், அல்லது பிழை சொல்லி நிறுத்தலாம். போஸ்ட்ஸ்கிரிப்டில் அரைத்தெளிவு வந்தால் கெய்ரோ அந்தப் பகுதியை மட்டும் பிக்சல் படமாக மாற்றி ஒட்டும், அது முதல் வழி. எந்த வழி என்பது உங்கள் முடிவு. ஆனால் சத்தமில்லாமல் விட்டுவிடுவதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கோப்பு வந்துவிட்டது, பிழையும் இல்லை, ஆனால் நிழல் மட்டும் காணோம் என்றால் அதைக் கண்டுபிடிப்பது பையராகத்தான் இருப்பார்.

நிறமும் இதில் சேர்ந்ததுதான். திரைக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சுக்கு சிஎம்ஒய்கே (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மை). பொதுவான சூத்திரத்தில் ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம், ஆனால் அச்சில் வரும் நிறம் திரையில் பார்த்ததாக இருக்காது. குறிப்பாகக் கறுப்பு. ஆர்ஜிபி கறுப்பை அப்படியே அனுப்பினால் அது நான்கு மையின் கலவையாக மாறக்கூடும், தகடுகள் இம்மி விலகினாலும் சின்ன எழுத்தின் ஓரத்தில் நிறம் பிசிறும். பதிவேட்டில் நிறத்தை எழுதும்போது திரைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று பயனரே இரண்டையும் தர வழி செய்யுங்கள். கறுப்பு எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம்.

ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவர்களுக்கு வேண்டியது வேறு. அங்கே நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், ஸ்கிரீனுக்கு ஒரு ஃபிலிம், ஃபிலிமில் எல்லாம் கறுப்பு. மூன்று நிற டேக் என்றால் மூன்று பக்கப் பிடிஎஃப், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இடத்தில் பதிவுக்குறி (நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று நேராகப் பொருத்த உதவும் குறி). பதிவேடு கையில் இருப்பதால் இது பத்து வரி வேலை. அதே பதிவேட்டை மூன்று முறை படித்து, ஒவ்வொரு முறையும் ஒரு நிறப் பாதைகளை மட்டும் கறுப்பாக்கி எழுதினால் சரி.

வெட்டுகிறவருக்கான கோப்பு

டிஎக்ஸ்எஃப் 1982-இல் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளோடு வந்தது. இரண்டு இரண்டு வரியாக எழுத வேண்டும். முதல் வரி ஒரு குறி எண், அடுத்த வரி அதன் மதிப்பு. 10 என்றால் எக்ஸ், 20 என்றால் ஒய், 40 என்றால் ஆரம். ஆர்12 என்ற பழைய பதிப்பில் எழுதுங்கள். அது எளிமையானது, பழைய மெஷினோடு வந்த மென்பொருளும் படிக்கும். அந்தப் பதிப்பில் ஸ்பிளைன் என்ற வளைகோட்டுப் பொருள் கிடையாது என்பதால் அலைக்கோடு மாதிரியான பெசியே வளைவுகளை நேர்கோடுகளாக உடைக்க வேண்டும்.

வில்லைக் காப்பாற்றி வைத்ததன் பலன் இங்கேதான் கிடைக்கும். நூல் துளை ஒரே ஒரு வட்டப் பொருள்: மையம் 25, 82, ஆரம் 2. மேலிருந்து 8 என்பது கீழிருந்து 82 ஆனதைக் கவனியுங்கள். வெளிக்கோடு எட்டு முனை கொண்ட ஒரே மூடிய பாலிலைன், அதாவது தொடர்கோடு. மூலைகளை வளைக்க, வில் தொடங்கும் முனையில் 42 என்ற குறியோடு "பல்ஜ்" என்ற எண்ணைக் கொடுக்கலாம். அதன் மதிப்பு டான்(கோணம்/4), 90 பாகை மூலைக்கு 0.41421. இடஞ்சுழியாகப் போகும் வில்லுக்கு இது நேர் எண், வலஞ்சுழிக்கு எதிர் எண். ஒய் திசையைத் திருப்பும்போது வில்லின் சுழலும் திரும்பிவிடும், அதனால் குறியையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நான்கு மூலையும் வெளியே வளைவதற்குப் பதில் உள்ளே குழிந்து நிற்கும்.

அலகு இன்னொரு விஷயம். ஆர்12 கோப்பில் 50 என்று எழுதினால் அது மில்லிமீட்டரா அங்குலமா என்று கோப்பு சொல்லாது. கோப்பின் பெயரிலேயே "50க்கு90 மிமீ" என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்துவிடுங்கள். லேயர் பெயர்களுக்கும் ஆங்கில எழுத்துத்தான் பாதுகாப்பு.

எதற்கு என்ற குறிப்பைப் பாதையோடு வைத்தோம் அல்லவா? இந்த பேக்எண்ட் வெட்டு, மடிப்பு இரண்டை மட்டும் எடுத்துத் தனித்தனி லேயரில் எழுத வேண்டும். அச்சுப் பாதையும் சேர்ந்து போனால் லேசர் "கொங்கு" என்ற எழுத்தையும் வெட்டிக் கீழே தள்ளிவிடும். அதே போல ஒரே கோடு இரண்டு முறை இருந்தால் லேசர் இரண்டு முறை போகும், அட்டையின் ஓரம் கருகும். பக்கத்துப் பக்கத்து டேக்குகள் ஓரத்தைப் பகிரும்படி அடுக்கினால் இரட்டைக் கோடுகளை நீக்கிவிட்டு எழுதுங்கள்.

டிஎக்ஸ்எஃப் முடித்தவருக்கு எச்பிஜிஎல் ஒரு மாலை நேர வேலை. பேனாவைத் தூக்கு, இந்தப் புள்ளிக்குப் போ, பேனாவை வை, இந்தப் புள்ளிகள் வழியாகப் போ, அவ்வளவுதான். எல்லாம் நேர்கோடு, எல்லாம் முழு எண்.

தமிழ் எழுத்து

"கொங்கு" என்ற சொல்லில் முதல் எழுத்து யூனிகோடில் க, அதன் பின் ஒகரக் குறி என்று இரண்டு குறியீடு. திரையிலோ ஒற்றைக் கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால் என்று மூன்று உருவம். குறியீட்டை ஒவ்வொன்றாக எடுத்து எழுத்துருவிலிருந்து உருவத்தை வைத்துக்கொண்டே போகிற நூலகம் இந்தச் சொல்லைச் சிதைத்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நூலகங்கள் பலவற்றில் இந்தச் சிக்கலை நான் பார்த்திருக்கிறேன். தமிழில் நூலகம் எழுதுகிற நாமும் அதையே செய்யக் கூடாது.

இதைச் சரியாகச் செய்ய ஹார்ஃப்பஸ் என்ற இலவச நூலகம் இருக்கிறது. எழுத்துருவையும் சொல்லையும் கொடுத்தால் எந்த உருவம், எந்த இடத்தில் என்று வரிசையாகத் திருப்பித் தரும். ஒவ்வொரு உருவத்தின் வெளிக்கோட்டையும் ஃப்ரீடைப் என்ற எழுத்துரு நூலகம் வழியாக எடுத்துப் பாதையாக்கிப் பதிவேட்டில் எழுதிவிட்டால், அதன் பிறகு எந்த பேக்எண்டுக்கும் எழுத்துரு பற்றிய கவலை இல்லை. ட்ரூடைப் எழுத்துருவின் வெளிக்கோடு ஒற்றைக் கட்டுப்புள்ளி வளைவுகளால் ஆனது. அதைத்தான் வாசலில் இரட்டையாக மாற்றக் கற்றுக்கொண்டோம். எழுத்துருவுக்குள் ஒய் மேல்நோக்கி என்பதால் இங்கும் ஒரு திருப்பல் வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவை எடுத்துக்கொண்டால் உரிமைச் சிக்கலும் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. எழுத்து பாதையான பிறகு அதைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது வெறும் கோடு. டேக்குக்குப் பரவாயில்லை. எஸ்விஜியில் தலைப்பு உறுப்பு ஒன்றில் மூலச் சொல்லையும் எழுதி வையுங்கள், கொஞ்சம் ஈடாகும். பக்கம் பக்கமாகத் தமிழ் உரை வரும் ஆவணத்துக்கு இந்த வழி ஆகாது. அங்கே எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள் பதித்து, உருவத்திலிருந்து யூனிகோடுக்குத் திரும்பும் அட்டவணையும் எழுத வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான வேலை.

பிஎன்ஜிக்கு நீங்களே பிக்சல் நிரப்பும் நிரல் எழுதத் தேவையில்லை. பதிவேட்டைப் படித்துக் கெய்ரோவுக்குச் சொல்லும் பேக்எண்ட் ஒன்று போதும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் டேக்கின் அகலம் 591 பிக்சல். வாட்ஸ்அப்பில் போகிற படத்துக்கு வெள்ளைப் பின்னணி போட்டுவிடுங்கள். ஒளிபுகும் பின்னணி சில போன்களில் கறுப்பாகத் தெரிந்து, கறுப்பு எழுத்து மறைந்துவிடும்.

சோதனை

சோதிக்கும் படம் சமச்சீராக இருக்கக் கூடாது. நம் டேக்கின் துளை நடுவில் இருப்பதால் இடவலம் மாறினாலும் தெரியாது. சோதனைக்கென்று துளையை இடது மேல் மூலைக்கு நகர்த்தி, வலது கீழே ஒரு முக்கோணம் வைத்த டேக் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் புரண்டாலும் ஒரு பார்வையில் தெரியும்.

எஸ்விஜி, பிடிஎஃப் இரண்டையும் ஒரே பிக்சல் அளவில் படமாக்கி நிரலே ஒப்பிடட்டும். ஓரப் பிக்சல்களில் சின்ன வேறுபாடு வரத்தான் செய்யும், அதற்கு இடம் விட்டு ஒப்பிடுங்கள். டிஎக்ஸ்எஃப், எச்பிஜிஎல் இரண்டும் உரை என்பதால் ஒரு முறை கண்ணால் சரிபார்த்த கோப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வரிக்கு வரி ஒப்பிட்டாலே போதும். பிடிஎஃப்பில் உருவாக்கிய தேதியை எழுதுவதாக இருந்தால் சோதனையில் அதை நிலையாக வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கோப்பு மாறியதாகக் காட்டும்.

கடைசியாக, பிடிஎஃப்பைப் பிரிண்டரில் உண்மை அளவில் அச்சிட்டு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு எடுத்திருக்கிறதா என்று முதலில் பார்த்து விலக்குங்கள். 50 மிமீ 50 மிமீயாக இருந்தால், டிஎக்ஸ்எஃப்பை எடுத்துக்கொண்டு வெட்டும் இடத்துக்கு நேரில் போங்கள். வேஸ்ட் அட்டையில் ஒன்று வெட்டித் தரச் சொல்லிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. வெட்டிய அட்டையை அச்சிட்ட தாளின் மேல் வைத்து, இரண்டு துளையும் நேராக வருகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.